யார் வீட்டுக் காகிதம்?

திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறீர்களா? பௌர்ணமி கிரிவலத்துக்காவது ஒரு தடவை போயிருப்பீர்கள். செஞ்சிக் கோட்டை வந்ததும் மொத்த பஸ்ஸும் ஜன்னல் பக்கம் சாயும். அப்புறம் தூரத்தில் அண்ணாமலை தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஊர் வரும். கீழ்பென்னாத்தூர். அங்கே யாரும் ஜன்னலைப் பார்ப்பதில்லை. 'இன்னும் அரை மணி நேரம்தான்' என்று சீட்டுக்கு அடியில் செருப்பைத் தேடுகிற ஊர் அது.

செஞ்சிக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோவே பட்டம் கொடுத்துவிட்டது. மராட்டியர்களின் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். அதில் பதினொன்று மகாராஷ்டிராவில், மிச்சம் ஒன்று செஞ்சி. திருவண்ணாமலைக்குப் பட்டமே தேவையில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? 'நம்ம ஊர்ல என்ன இருக்குது?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காக அங்கே ஒரு சாயங்காலம் கூடினார்கள். அதைப் பற்றித்தான் உங்களிடம் பேசவேண்டும்.

நவம்பர் 14 வந்தால் நம் ஊர் நூலகங்களில் நூலக வார விழா நடக்கும். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, பரிசாக ஒரு திருக்குறள். இந்த முறை வாசகர் வட்டத்தில் யாருக்கோ ஒரு யோசனை. ஆளுக்கு ஒரு பழைய பொருள், வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள். மேஜை மேல் வைப்போம். ஊர்க் கதை பேசுவோம். நண்பர் ஒருவர் கூப்பிட்டார் என்று நானும் போனேன். 'பாரம்பரியம் காப்போம்' என்று பேசுவதற்கு இரண்டு பக்கம் குறிப்பு எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

ஜனங்கள் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள் சார்! பித்தளைப் படி, மரக்கால், சினிமாப் பாட்டுப் புத்தகம், ஓரம் செல்லரித்த கல்யாணப் பத்திரிகை, இரண்டாம் தரமாக நெசவு செய்த மாதிரி கிழிந்துபோன குடும்ப அட்டை. ஒரு அம்மா, மல்லாட்டை அளக்கிற பழைய கூடையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். (மல்லாட்டை என்றால் நிலக்கடலை. மணிலாக் கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. பிலிப்பைன்ஸ் தலைநகரத்தின் பேரை எங்கள் பக்கத்துக் கிழவிகள் தினமும் வறுத்துத் தின்கிறார்கள்.)

இதையெல்லாம் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். சைன்போர்டு எழுதுகிற ஓவியர். பழைய புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் காலமானார். அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலை கொடுத்து வாங்கி, 1994-ல் சென்னையிலேயே நூலகமாக வைக்க வழி செய்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற யாரும் அந்த நூலகத்தின் படியேறாமல் முடியாது. ஒருவருடைய குப்பை இன்னொருவருக்குச் சான்று.

சரி, கீழ்பென்னாத்தூருக்கு வருகிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு. பொருள் என்ன, யார் கொடுத்தது, எந்த வருஷம். அதை எழுத ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தார் நூலகர். குரூப் 4 பரீட்சைக்காகத் தினமும் அங்கே வந்து படிக்கிற பெண். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அறுபது வயதுக்காரர் ஒருவர், வெள்ளை வேட்டி, தகரப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தைப் பிரித்துக் கொடுத்தார். "எங்க தாத்தா எழுதினது. எழுத்த பாருங்க, அச்சுல ஊத்தின மாதிரி இருக்குது" என்றார். உண்மையிலேயே அழகான எழுத்து. பெண் சீட்டு எழுதுவதற்காகக் காகிதத்தைப் படித்தாள். எழுதவில்லை. மறுபடி படித்தாள்.

"மேடம், இது எங்க தாத்தாவோட அப்பா பேரு."

அது ஒரு கடன் பத்திரம். மகள் கல்யாணச் செலவுக்காக 75 ரூபாய் வாங்கிக்கொண்ட ஒருவர், வட்டிக்குப் பதிலாக, முதல் அடைகிறவரை கடன் கொடுத்தவரின் நிலத்தில் படியாளாக வேலை செய்வதாகவும், தன்னால் முடியாமல் போனால் தன் மகன் செய்வான் என்றும் ஒப்புக்கொண்ட பத்திரம். 1951. கீழே ஸ்டாம்பு. ஸ்டாம்பின் மேல் இடது கைப் பெருவிரல் ரேகை.

கடன் கொடுத்தவரின் பேரன் வேட்டியோடு நிற்கிறார். கைநாட்டு வைத்தவரின் கொள்ளுப்பேத்தி பேனாவோடு உட்கார்ந்திருக்கிறாள். ஒருவர் ஊருக்குள் இருந்து வந்தவர், ஒருத்தி காலனியிலிருந்து வந்தவள் என்று நான் சொல்லாமலே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அந்த மனுஷர் முகத்தை நான் மறக்க முடியாது. "நான் எழுத்து அழகா இருக்குதேன்னுதாம்மா எடுத்தாந்தேன்..." என்றார். பொய் இல்லை. அறுபது வருஷமாக அவர் அந்த எழுத்தைத்தான் பார்த்திருக்கிறார். எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை.

அப்புறம் கூட்டத்தில் ஆரம்பித்தது. "கிழிச்சிப் போடுங்க சார், நல்ல நாளும் அதுவுமா" என்றார் ஒருவர். "எதுக்குக் கிழிக்கணும்? கண்ணாடி போட்டு மாட்டுங்க. நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றான் ஒரு பையன். "அந்தக் காலத்துல எல்லாரும் ஒண்ணா மண்ணாத்தான் இருந்தோம், இப்பப் போயி கெளறிக்கினு..." என்றது பின்பெஞ்சு. நூலகர், பாவம், பத்திரத்தை மேஜை டிராயரில் வைத்து மூடினார். யாரோ என் பக்கம் திரும்பி, "நீங்க பத்திரிகைக்காரரு, சொல்லுங்க சார்" என்றார்கள்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சட்டைப் பையில் இருந்த 'பாரம்பரியம் காப்போம்' அப்படியே இருந்தது.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

சட்டப்படி பார்த்தால் ரொம்பச் சுலபம். 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாகவும் 1976-ல் முழுச் சட்டமாகவும் கொத்தடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதன்படி அந்த மாதிரிக் கடன் எல்லாம் அன்றோடு தீர்ந்தது. ஒரு பைசா திருப்பித் தரவேண்டாம். நான் பி.காம். படித்தவன். எங்கள் பாஷையில் சொன்னால், அந்தக் காகிதத்தின் மதிப்பு பூஜ்யம். ஆனால் பூஜ்யம் மதிப்புள்ள காகிதத்தைப் பார்த்து ஒரு ஹாலே ஊமையாகிப் போனதே, அந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

கல்லூரியில் முதல் பாடமே இரட்டைப் பதிவு முறை. ஒவ்வொரு பற்றுக்கும் எங்கேயோ ஒரு வரவு இருந்தே ஆகவேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேடு டேலி ஆகாது. நம்முடைய பாரம்பரிய விழாக்களில் பெரும்பாலும் வரவுப் பக்கம் மட்டும்தான் வாசிக்கப்படுகிறது. தாத்தா கோயிலுக்கு விளக்கு கொடுத்தார், தாத்தா குளம் வெட்டினார். வெட்டினவர் தாத்தாவா, வெட்டச் சொன்னவர் தாத்தாவா என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் காலத்தில் கல்லில் வெட்டினவர்கள்கூட நம்மைவிடத் தாராளம். இதே மாவட்டத்தில், செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திர பல்லவன் காலம். சுமார் 1,400 வருஷம். மாடு பிடிச் சண்டையில் செத்த ஒரு வீரனுக்கு வைத்த கல். அவன் கூடவே அவனுடைய நாயும் இருக்கிறது. கள்ளர்களைக் கடித்துவிட்டு எஜமானனுக்குக் காவல் நின்ற நாய். அதன் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். நாய்க்குக்கூடப் பெயரும் பெருமையும் எழுத ஒரு ஆள் இருந்திருக்கிறார். அந்தப் பெண்ணின் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி இந்த உலகத்தில் எழுதப்பட்டது எவ்வளவு? அந்த ஒரு காகிதம். அதுவும் அவரைக் கட்டிப்போட எழுதினது.

அதனால்தான் 'கிழித்துப் போடு' என்பது அவ்வளவு சுலபமான யோசனை இல்லை என்கிறேன்.

ஆனால் கிழிக்கச் சொன்னவரையும் நான் கேலி செய்யமாட்டேன். 1875-ல், இன்றைய மகாராஷ்டிராவில், புனே, அகமத்நகர் பக்கத்துக் குடியானவர்கள் கிளம்பினார்கள். சூபா என்ற சந்தை ஊரில் ஆரம்பித்தது. வட்டிக்கடைக்காரர்களின் வீட்டில் நுழைந்து அவர்கள் முக்கியமாகத் தேடியது கடன் பத்திரங்களை. கண்ட இடத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். ஆவணக் காப்பாளர் யாராவது பார்த்தால் மாரில் அடித்துக்கொள்வார். ஆனால் கொளுத்தினவனுக்கு அது ஆவணமா? கால் விலங்கு! 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தில் 97 ஆயிரம் புத்தகங்களையும் சுவடிகளையும் எரித்ததும் நெருப்புதான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை. ஒரு இடத்தில், தன்னைப் பற்றி எழுதியதைத் தானே எரித்தான். இன்னொரு இடத்தில், அடுத்தவன் தன்னைப் பற்றி எழுதி வைத்திருந்ததை வந்து எரித்தார்கள்.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தாத்தாவுக்குச் சின்னதாக ஒரு மணிலா மண்டி. அவர் போன பிறகு கணக்கு நோட்டுகள் பரணில் கிடந்தன. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு போகி விடியற்காலையில் அப்பா அத்தனையையும் இறக்கி எரித்தார். கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களை எட்டு வருஷம் வைத்திருக்கவேண்டும் என்று அப்போதுதான் படித்திருந்தேன். "எட்டு வருஷம் எப்பவோ முடிஞ்சிடுச்சுப்பா, எரிக்கலாம்" என்று விளையாட்டாகச் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. ஒவ்வொரு நோட்டாகப் பிரித்து, கொஞ்சம் படித்து, படித்ததை நெருப்பில் போட்டார். கடன் வாங்கினவர்களின் மானத்தைக் காப்பாற்றினாரா, கொடுத்த எங்கள் மானத்தைக் காப்பாற்றினாரா? கேட்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

கீழ்பென்னாத்தூர்க்காரர் அதைச் செய்யவில்லை, பாருங்கள். அறியாமல்தான் கொண்டுவந்தார், ஆனால் கொண்டுவந்தார். எத்தனை வீடுகளில் இது மாதிரிப் பத்திரங்கள் போகியோடு போயிருக்கும்? காகிதம் போனபிறகு 'எல்லாரும் ஒண்ணா மண்ணாத்தான் இருந்தோம்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இல்லை என்று நிரூபிக்க என்ன இருக்கிறது?

அப்படியென்றால் கண்ணாடி போட்டு மாட்டிவிடலாமா? அந்தப் பையன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாளைக் காலை அந்தப் பெண் அதே மேஜையில் குரூப் 4 கைடை விரிக்கவேண்டும். அவள் தலைக்கு மேலே அவளுடைய கொள்ளுத்தாத்தா அடிமையான கதை தொங்கும். அவள் பரீட்சைக்குப் படிக்க வந்தவள். ஊருக்குப் பாடமாக இருக்கச் சம்மதித்தாளா? யாராவது கேட்டோமா?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததில்லை. கிழக்கு ஜெர்மனியில் ஸ்டாசி என்ற ரகசிய போலீஸ், தன் ஜனங்களைப் பற்றியே ஃபைல் போட்டுக் குவித்திருந்தது. வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளம். ஆட்சி ஆட்டம் கண்டதும் ஃபைல்களைக் கிழிக்க ஆரம்பித்தார்கள். 1990 ஜனவரி 15 அன்று ஜனங்களே பெர்லின் தலைமை அலுவலகத்துக்குள் புகுந்து தடுத்தார்கள். அப்புறம்தான் தலைவலி. 'எரித்துவிட்டு நிம்மதியாக இருப்போம்' என்று ஒரு கட்சி. 'திறந்து காட்டு' என்று ஒரு கட்சி. கடைசியில் 1991 டிசம்பரில் ஒரு சட்டம் போட்டார்கள். தன்னைப் பற்றிய ஃபைலைப் பார்க்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. ஒருவர் ஃபைலில் பாதிக்கப்பட்ட இன்னொருவர் பெயர் வந்தால் அதை மறைத்துத்தான் கொடுப்பார்கள். யார் எழுதினது என்பதைவிட யாரைப் பற்றி எழுதினது என்பதற்கு முதல் மரியாதை.

ஜெர்மனி வரைக்கும் எதற்கு? பக்கத்திலிருக்கிற விழுப்புரம் மாவட்டத்துக்கே போவோம். திருவெண்ணெய்நல்லூர். பெரியபுராணம் படித்தவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

சுந்தரருக்குக் கல்யாணம். பந்தலில் ஒரு கிழவர் வந்து நிற்கிறார். 'நீ எனக்கு அடிமை. உன் தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது' என்கிறார். மாப்பிள்ளைக்குக் கோபம் வருகிறது. ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போட்டுவிடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழித்தது படியோலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார். வழக்கு வெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. சபையார் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தாத்தாவின் வேறொரு கையெழுத்தைக் காப்பிலிருந்து எடுத்துவரச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது. 'தோற்றாய், போய் வேலை செய்' என்று தீர்ப்பு.

வந்த கிழவர் சிவபெருமான். ஆகவே கதை சுபம். பக்தியோடு படிக்கிறவர்களுக்கு அது அருள், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் சேக்கிழார் இந்தக் காட்சியை எழுதியது 12-ஆம் நூற்றாண்டில். தாத்தா எழுதிக் கொடுத்தால் பேரன் அடிமை என்று ஒரு ஓலை இருக்க முடியும், அதற்கு நகல் உண்டு, அசல் உண்டு, ஒப்பிட ஆவணக் காப்பு உண்டு. கேட்கிற ஜனங்களுக்கு இதெல்லாம் விளக்காமலே புரிந்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? பழைய ஆவணக் காப்பகத்தைப் பற்றி நம்மிடம் இருக்கிற மிகப் பிரபலமான கதையே ஒரு அடிமைப் பத்திரத்தின் கதை!

அந்தக் கதையில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். நகலைக் கிழித்தவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அசல் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் பிடி.

அதனால் என் அபிப்பிராயம் இது. நீங்கள் மறுக்கலாம். அந்தப் பத்திரத்தின் அசல், கைநாட்டு வைத்தவரின் வீட்டுக்குப் போகவேண்டும். நகல் நூலகத்துக்கு. நகலிலும் பெயர் தெரியலாமா கூடாதா என்று அந்த வீட்டார் சொல்லவேண்டும். கடன் கொடுத்த வீட்டுக்கும் ஒரு மானம் இருக்கிறதே, அவர்களைக் கேட்கவேண்டாமா என்பீர்கள். கேட்கலாம். ஆனால் இரண்டு வீட்டுக்கும் சம ஓட்டு கிடையாது. 1951-ல் ஒருவருக்கு எழுத வேண்டுமா வேண்டாமா என்ற சௌகரியம் இருந்தது. இன்னொருவருக்கு மகள் கல்யாணம் இருந்தது. அன்றைக்குக் கேட்கப்படாதவரின் வீட்டை இன்றைக்காவது முதலில் கேட்போம்.

இதில் ஓட்டை இருப்பதும் எனக்குத் தெரியும். அசலை வாங்கிப்போய் அவர்கள் அடுப்பில் போட்டுவிட்டால்? நகலும் வேண்டாம் என்றுவிட்டால்? நாளைக்கு ஒரு ஆராய்ச்சியாளர் வந்து, இந்தப் பக்கம் படியாள் முறையே இருந்ததாகச் சான்று இல்லை என்று எழுதிவிட்டுப் போவார். அந்த நஷ்டம் ஊருக்கே நஷ்டம். அதைத் தாங்கித்தான் ஆகவேண்டும் என்று நினைக்கிறேன். கைநாட்டு வாங்கும்போது கட்டாயம் செய்தார்கள். அதைப் பாதுகாக்கவும் கட்டாயம் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

இதையெல்லாம் அன்றைக்கு நான் பேசினேன் என்று நினைக்காதீர்கள். திரும்பி வரும் பஸ்ஸில் யோசித்தது இது. அங்கே நடந்தது வேறு.

அந்தப் பெண் அப்பாவுக்கு போன் செய்தாள். கட்டட வேலைக்குப் போய்விட்டு வந்தவர், காலில் சிமென்ட் காயாமல் அப்படியே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நூலகத்துக்குள் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவரும் சொத்து வரி ரசீதில் நூலக வரி கட்டுகிறவர்தான். நூலகர் டிராயரைத் திறந்து பத்திரத்தை மேஜை மேல் வைத்தார். பெண் மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசித்துக் காட்டினாள். அவர் எழுத்தின் பக்கம் போகவே இல்லை. ஸ்டாம்பின் மேலிருந்த ரேகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க தாத்தா போட்டோ வீட்ல ஒண்ணுமே இல்ல சார்" என்றார், யாரிடம் என்றில்லாமல். "இது இருக்குது."

வேட்டிக்காரர் எழுந்து வந்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. "எடுத்துக்கப்பா" என்று மட்டும் சொன்னார். மன்னிப்பா, தானமா, தொலையட்டும் என்பதா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கே புரிந்திருக்குமா, தெரியாது.

நூலகர், "ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். அவர் யோசித்தார். "எங்க அம்மா இருக்குது. மாமனார் கையால சோறு தின்ன மனுஷி. அதுகிட்ட காட்டிட்டுச் சொல்றேங்க" என்றார். ஒரு பிளாஸ்டிக் கவர் கேட்டு வாங்கி, காகிதத்தை மடிக்காமல் உள்ளே வைத்து, பெண்ணோடு போனார்.

பரிசளிப்பு நடந்தது. நாலு பிள்ளைகளுக்குத் திருக்குறள். நான் பேசுவதாக இருந்த இருபது நிமிஷத்தை மூன்று நிமிஷத்தில் முடித்தேன். ஒருவரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் கழித்து நூலகருக்கு போன் செய்தேன். பதில் இன்னும் வரவில்லையாம். அந்தப் பெண் தினமும் வருகிறாள், படிக்கிறாள், போகிறாள். இவரும் கேட்கவில்லை. "வாங்கினாலும் எந்த ரிஜிஸ்டர்ல சார் ஏத்தறது? நம்மகிட்ட புக்குக்குத்தான் ரிஜிஸ்டர் இருக்குது" என்றார். மரக்கால், கூடை எல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டதாம். துண்டுச் சீட்டுகளை மட்டும் ஒரு கட்டாகக் கட்டி வைத்திருக்கிறார். அதில் ஒன்று எழுதாத சீட்டு.